பவானி போனால் நின்றுவிடும் பெட்டி

மலாக்கா பக்கம் சிம்பாங் அம்பாட்டில் தங்கையா டிரான்ஸ்போர்ட் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசைகட்டி நிற்கிற இடம், அவ்வளவுதான் அடையாளம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் குலைகளை அங்கே எடைபோட்டு எண்ணெய் மில்லுக்கு அனுப்புவார்கள். லோரி ஏறி நிற்கிற எடைமேடையை அங்கே எல்லாரும் திம்பாங் என்பார்கள். திம்பாங்குக்குப் பின்னால் ஆபீஸ். ஆபீஸுக்குப் பின்னால், ஒரு காலத்தில் பழைய டயர் அடுக்கி வைத்திருந்த ஓர் அறை. ஜன்னல் கிடையாது. அந்த அறையில் பவானேஸ்வரி உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. டயர் வாடை இன்னும் போகவில்லை என்பாள். மற்றவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்பார்கள்.

"பில் அடிக்க ஆளு இல்லம்மா, ரெண்டு மாசம் வந்து குடுத்துட்டுப் போ" என்றுதான் தங்கையா அவளைக் கூப்பிட்டார். அவரும் அவள் அப்பாவும் ஒரே தோட்டத்தில் ஒன்றாகக் குலை ஏற்றியவர்கள். தங்கையா ஒரு லோரி வாங்கினார், அப்புறம் இன்னொன்று, அப்படியே முதலாளி ஆகிவிட்டார். அவள் அப்பா ஆகவில்லை, செத்துப்போனார். அந்த வருடம்தான் பவானி மலாக்காவில் பாலிடெக்னிக் முடித்து, கணினி டிப்ளோமாவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ரெண்டு மாசம்தானே என்று போனாள்.

போனவள் போனவள்தான். பில் புத்தகத்தைக் கணினியில் ஏற்றினாள். திம்பாங்கைக் கணினியோடு இணைத்தாள். லோரி எந்த ரோட்டில் நிற்கிறது என்று ஆபீஸிலிருந்தே பார்க்கும்படி செய்தாள். எல்லாம் அவளாகப் படித்து, அவளாகக் கட்டியது. தங்கையாவுக்குப் பெருமை தாங்காது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நம்ம கம்ப்யூட்டர் பிள்ள" என்று காட்டுவார். பிள்ளைக்கு இப்போது நாற்பத்தொரு வயது. நடுவில் கிள்ளானிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. "கிள்ளானா? அப்ப ஆபீஸ யாரு பாப்பா?" என்று தங்கையா கேட்டார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நிஜமான சந்தேகம். கொடுமை என்னவென்றால் பவானியின் அம்மாவும் அதையே கேட்டாள். மாப்பிள்ளை போய்விட்டார்.

அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு பெரிய பெட்டி. ஆனால் அதற்குள் நான்கு கணினிகள் ஓடுகின்றன. ஒரே இரும்புப் பெட்டியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனக்குத் தனி உடம்பு இருப்பதாக நம்பிக்கொண்டு வேலை செய்யும்படி வைத்திருக்கிறாள். வெர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். ஒன்று திம்பாங்குக்கு, ஒன்று கணக்குக்கு, ஒன்று லோரிகளைக் கண்காணிக்க, இன்னொன்று சம்பளத்துக்கு. திம்பாங் பக்கம் உட்கார்ந்து எடை பதிகிற பாக்கியலட்சுமிக்கு இதை ஒரு தடவை சொன்னபோது, "ஒரே வீட்டுல நாலு குடும்பமா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. அடுப்பு மட்டும் ஒண்ணு."

"அடியாத்தி, சண்ட வராதா?"

இதற்குப் பவானி விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனென்றால் சண்டை வரும். எப்படி வரும் என்று விளக்க ஆரம்பித்தாள். அதற்குள் ஒரு லோரி வந்துவிட்டது, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பத்தொன்பது வருடமும் இப்படியேதான். வாயைத் திறப்பாள், லோரி வந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் போன மாதம் தேவிஸ்ரீ போன் பண்ணினாள். பாலிடெக்னிக்கில் பக்கத்து மேசைக்காரி. இப்போது சைபர்ஜெயாவில் ஒரு கம்பெனியில் பெரிய வேலை. "எங்க டீம்ல ஒரு சீட்டு காலி. மொத்தம் எட்டு பேரு. நீ தனியா கட்டி அழுவுறியே, அந்த வேலைதான், ஆனா எட்டு பேரு சேந்து அழுவோம். வர்றியா?" என்றாள். பவானி வீட்டில் உட்கார்ந்தபடியே திரை வழியாக இன்டர்வியூ கொடுத்தாள். பயந்து பயந்துதான் ஆரம்பித்தாள். நடுவில், ஒரு தடவை எலி வயரைக் கடித்ததும், தான் மூன்று நாள் மென்பொருளில் தப்பு தேடியதும் சொன்னாள். திரையில் இருந்த அத்தனை முகமும் சிரித்தன. சரியான இடத்தில் சிரித்தன. வேலை கிடைத்தது என்று தேவிஸ்ரீ சொன்னபோது சம்பளத்தைக்கூட அவள் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டும், அவ்வளவுதான். நினைக்க நினைக்க வயிற்றில் பசி மாதிரி இருந்தது.

தங்கையாவிடம் எப்படிச் சொல்வது? காடியை ஓட்டிக்கொண்டு வரும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவர் முன்னால் போய் நின்றதும், "மாமா, எனக்கு சைபர்ஜெயாவுல வேல கெடச்சிருக்கு" என்பதோடு சரி, மிச்சம் மறந்துபோயிற்று. தங்கையா குடித்துக்கொண்டிருந்த தே ஓவை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் பவானியின் வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"ஒடனே இல்ல மாமா. மில்லுக்காரங்க புது சாப்ட்வேர் போடச் சொல்லிருக்காங்கல்ல, அதுக்கு உள்ள கர்னல மாத்தணும். அத மாத்தி, எல்லாத்தையும் ஒழுங்கா ஓட வச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

"அது போதும்மா" என்றார் தங்கையா.

பாருங்கள், யாரும் அவளைப் பூட்டவில்லை. பூட்டும் அவளே, சாவியும் அவளே.

கர்னல் என்பது கணினிக்குள் இருக்கிற கங்காணி. யாருக்கு என்ன வேலை, யார் எப்போது எழும்ப வேண்டும், யார் எப்போது படுக்கலாம் என்பதெல்லாம் அது வைத்ததுதான் சட்டம். திம்பாங் கணினியில் மட்டும் பவானி பழைய கங்காணியை அனுப்பிவிட்டுப் புதியதை வைத்தாள். அன்று பூராவும் லோரி மேல் லோரி வந்தது, ஒரு தடங்கலும் இல்லை. சாயங்காலம் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். இன்னும் ஒரு வாரத்தில் சைபர்ஜெயா என்று தேவிஸ்ரீக்குச் செய்தியும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் பல் விளக்கும்போது பாக்கியலட்சுமியின் போன். "பவானி, ஸ்கிரீன் அப்படியே நிக்குது. கடிகாரம்கூட ஓடல. என்னாத்த தட்டுனாலும் அசையல. லோரி ரோடு வரைக்கும் நிக்குதுலா, சீக்கிரம் வா!"

வாயைக் கொப்பளித்தும் கொப்பளிக்காமலும் ஓடினாள். திம்பாங்குக்கான அந்த ஒரு கணினி மட்டும் உறைந்துபோயிருந்தது. பக்கத்தில் இருக்கும் மற்ற மூன்றும் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன. கட்டாயப்படுத்தி அணைத்து மறுபடி எழுப்பினாள். ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. எதனால் விழுந்தது என்று உள்ளே எழுதி வைத்திருக்குமே என்று தேடினால், ஒரு முனகல்கூட இல்லை. ராத்திரி ஏதோ ஒரு நிமிடம் வரை எழுதியிருக்கிறது. அடுத்த வரி காலையில் அவள் எழுப்பிய பிறகு. நடுவில் வெறும் மௌனம்.

அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். வெள்ளிக்கிழமை மட்டும் காலையோடு சேர்த்து மத்தியானமும் ஒரு தடவை, அவள் வெளியே சாப்பிடப் போயிருந்த நேரத்தில்.

மனுஷி செய்யாத வைத்தியம் இல்லை. நினைவகத்தைக் கூட்டினாள், டிஸ்கை மாற்றினாள், வயரை மாற்றினாள். பழைய கங்காணியையே திரும்பக் கூப்பிட்டாள்; ஆனால் மில்லின் புது சாப்ட்வேர் அதோடு வேலை செய்யவே மாட்டேன் என்றது. இணையத்தில் தேடினாள். எங்கோ ஒருத்தன் இதே புலம்பலை எழுதியிருந்தான். கீழே ஒருவரும் பதில் போடவில்லை. அவன் என்ன ஆனானோ, பாவம்.

அப்புறம் காவல் இருந்து பார்த்தாள். ஆபீஸ் மூடிய பிறகும் அங்கேயே இருந்து, திரையில் நாலைந்து ஜன்னல் திறந்து, ஒன்றில் பதிவுகளை ஓடவிட்டு, ஒன்றில் நிமிடத்துக்கு நூறு தடவை 'இருக்கியா' என்று கேட்கவைத்து, கண் கொட்டாமல் பார்த்தாள். அது விடிய விடிய ஓடியது. விழவே இல்லை. காலையில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்குள் விழுந்திருந்தது, சண்டாளப் பெட்டி!

ஊர் வாயை மூட முடியுமா? "நீ இருந்தா ஓடுது, நீ போனா நிக்குது. உன்ன விட்டுப் பிரியமாட்டேங்குது பவானி" என்று பாக்கியலட்சுமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். லோரி டிரைவர்கள்கூட அவளைப் பார்த்தால் சிரித்தார்கள். தங்கையாவுக்கு வேறு ஒரு கவலை.

"எப்பம்மா மாத்துன?"

"திங்கக்கிழம காலையில மாமா. எட்டு மணி இருக்கும்."

"திங்கக்கிழம எட்டு மணியா! ராகு காலம்லா!"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி தெரிந்ததைப் பவானி பார்த்தாள். பெட்டி இப்படி அடிக்கடி நின்றுகொண்டிருக்கும்வரை இவள் போகமாட்டாள் அல்லவா? அவரே அறியாத நிம்மதி அது. பார்த்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். உள்ளே நான்கும் ஓடிக்கொண்டேதான் இருந்தன.

தேவிஸ்ரீ ஒரு தடவை நாளைத் தள்ளிக் கொடுத்தாள். இரண்டாவது தடவையும் தள்ளினாள். மூன்றாவது தடவை போனில் குரலே மாறியிருந்தது. "பவானி, எங்க மேனேஜரு இன்னொரு ஆளப் பாத்து வச்சிட்டாரு. ஆயுத பூச முடிஞ்சி வர்ற திங்கக்கிழம நீ இங்க இருக்கணும். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதுடி."

"வந்துருவேன்" என்றாள் பவானி. எதை வைத்துச் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

ஆயுத பூசை வந்தது. தங்கையா டிரான்ஸ்போர்ட்டில் அது பெரிய நாள். லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து வரிசையாக நிறுத்துவார்கள். ஸ்பேனரிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனப் பொட்டு உண்டு. பவானியின் அறையிலும் ஒரு படையல். அதுதான் படிப்பு வேலை நடக்கிற இடமாம். கீபோர்ட், மவுஸ், மடிக்கணினி எல்லாவற்றையும் வாழை இலை விரித்த தாம்பாளத்தில் அடுக்கி, மேலே செவ்வந்திப் பூப் போடுவார் தங்கையா. மறுநாள் விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருத்தரும் ஒன்றையும் தொடக் கூடாது. பெரிய பெட்டியை மட்டும் அணைப்பதில்லை. ஒரு வருடம் அணைத்து, அது திரும்ப எழ மறுத்ததிலிருந்து, "அது ஓடட்டும். ஆனா சும்மா இருக்கட்டும்" என்று தங்கையா ஏற்பாடு.

இந்த வருடம் அவர் கையை நீட்டினார். "போனையும் வைம்மா. அதுலதான வீட்டுலேருந்து உள்ள பூந்து நோண்டுற? அதும் ஆயுதந்தான்."

பவானி மறுக்காமல் வைத்தாள். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. பெட்டிக்குச் சந்தனம் வைத்ததும் அவள்தான். உதைத்த இடத்தில் கொஞ்சம் கூடவே வைத்தாள்.

பூசை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தாயிற்று. டிரைவர்களுக்குக் கொடுக்க சுண்டலும் பொரியும் பொட்டலம் கட்ட வேண்டும். ஏர்கோன் இருக்கிற அறை பவானியின் அறை ஒன்றுதான். அதனால் பவானியும் பாக்கியலட்சுமியும் அங்கேயே தரையில் உட்கார்ந்து கட்டினார்கள். எதிரே திரையில் திம்பாங் கணினியின் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. பவானி அதைப் பார்த்துக்கொண்டே சுண்டலை அள்ளினாள். வேறு என்ன செய்வது? கை கால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. தட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை, ஓடவிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை.

அடுத்த தடவை நிமிர்ந்தபோது கடிகாரம் நின்றிருந்தது.

பவானி கையில் சுண்டலோடு அப்படியே இருந்தாள். மறுபடி பார்த்தாள். நொடி அசையவில்லை.

"அக்கா! நிக்குது!"

"ஐயோ, பூச நாளும் அதுவுமா!"

"இல்லக்கா, நிக்குதுக்கா! நான் இங்கதான இருக்கேன்? எங்கயும் போவலல்ல? என் கண்ணு முன்னாடியே நிக்குது!" பவானி சிரித்தாள். சுண்டல் மடியெல்லாம் கொட்டியது. சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கையா, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து விபூதியைத் தேடினார்.

பவானிக்கு இப்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி வந்தது. அவள் இருக்கிறாள், ஆனாலும் நின்றது. மற்ற நாளுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? இன்றைக்கு அவள் கை சும்மா இருக்கிறது. பெட்டியும் சும்மா இருக்கிறது. ராத்திரியில் லோரி கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மலாய்க்கார டிரைவர்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விடுவார்கள், அப்போதும் லோரி கிடையாது. வேலை இருந்தால் ஓடுகிறது. வேலை இல்லாவிட்டால் விழுகிறது. சும்மா இருக்கிற கணினியைக் கொஞ்சம் தூங்கவிடுவது கங்காணியின் வழக்கம். பழையது லேசாகத் தூங்கவிட்டது. புதியது ஆழமாகத் தூங்கவைக்கிறது. எழுப்ப அடிக்கிற மணி அந்த ஆழத்துக்குக் கேட்கவில்லை. கணக்கு, கண்காணிப்பு, சம்பளம் மூன்றும் இன்னும் பழைய கங்காணியோடு இருப்பவை. அதனால்தான் அவற்றுக்கு ஒன்றும் இல்லை.

அவள் காவல் இருந்தாளே, விடிய விடிய? நிமிடத்துக்கு நூறு தடவை தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே, இது ஏன் விழவில்லை என்று பார்த்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

"மாமா, கீபோர்ட எடுத்துக் குடுங்க. ஒரே ஒரு வரி."

தங்கையா அவளைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். "நாளைக்கும்மா."

"மாமா, ஒரு நிமிஷ வேல!"

"பூசையில வச்சத எடுக்கலாமா? நீயே சொல்லு. நாளைக்குக் காலையில முத வேல, நானே எடுத்துத் தாறேன்."

கீபோர்ட் எட்டுகிற தூரத்தில் செவ்வந்திக்கு அடியில் கிடந்தது. அவர் போனதும் பவானியின் கை நீண்டது. "பவானி!" என்று பாக்கியலட்சுமி ஓர் அதட்டல் போட்டாள். கை திரும்பி வந்தது. அக்காவுக்குப் பயந்தா திரும்பியது? இல்லை. ராகு காலத்தை நம்பாதவள்தான், ஆனாலும் உள்ளூர அவளுக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. விடை தெரிந்த கையைக் கட்டிக்கொண்டு மிச்சப் பொட்டலத்தையும் கட்டினாள். அன்று சாயங்காலம் சுண்டல் வாங்கிய டிரைவர்களுக்கு அவள் ஏன் அப்படி முறைத்தாள் என்று விளங்கவில்லை.

விஜயதசமி காலையில் தங்கையா சொன்னபடியே கீபோர்டை எடுத்து, கண்ணில் ஒற்றி, அவள் கையில் கொடுத்தார். திம்பாங் கணினி எழும்போதே படிக்கிற இடத்தில் அவள் ஒரே ஒரு வரி எழுதினாள். வேலை இல்லாவிட்டாலும் ஆழத்துக்குப் போகாதே, விழித்தபடியே இரு என்று அர்த்தம். கரண்டு கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும். எழுப்பிவிட்டுக் கையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிரைவர்கள் தொழப் போனார்கள். பவானியும் வேண்டுமென்றே சாப்பிடப் போனாள். ஒரு கவளமும் இறங்கவில்லை. தப்பாவ் பண்ணிப் பொட்டலமாகக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கையா மட்டும் தலையை ஆட்டினார். "ஒரு மணி நேரம் என்னா பெரிய காரியம்? ஞாயித்துக்கிழம தாண்டட்டும். அன்னிக்கு ஒரு லோரியும் வராது. சாயங்காலம் விளக்கு ஏத்த நான் வருவேன்ல, அப்ப பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை ஓடினால், திங்கட்கிழமை அவள் சைபர்ஜெயாவில். ஓடாவிட்டால் சீட்டு போயிற்று. அதற்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. போன் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் போச்சு. அது எழுப்பிவிட்ட கணக்காகிவிடும். அப்புறம் தானாக ஓடியதா, அவள் ஓட்டியதா என்று யார் சொல்வது?

ஐயோ, அந்த ஞாயிற்றுக்கிழமை! அலோர் காஜாவில் அவள் வீட்டில் அவள் கூட்டாத மூலை இல்லை. கை போன் பக்கம் போகும், இழுத்துக்கொள்வாள். பாசாருக்குப் போய் வேண்டாத கீரையெல்லாம் வாங்கி வந்தாள். வந்ததும் கை மறுபடி அங்கேதான் போனது. பத்தொன்பது வருடத்துப் பழக்கம். சாப்பிடும்போது, சாமி கும்பிடும்போது, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோதுகூட நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்த கை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் அரிசித் தொட்டியைத் திறந்து, போனை அடி ஆழத்துக்கு அமுக்கி, மூடியைப் போட்டு, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள்.

"என்னாடி, பைத்தியமா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. இன்னிக்கி ஒரு நாளு பொறுத்துக்க."

சாயங்காலம் அவள் போய்ச் சேர்ந்தபோது தங்கையா ஏற்கெனவே வந்து, ஆபீஸ் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றி முடித்திருந்தார். இரண்டு பேரும் உள் அறைக்குப் போனார்கள். பவானி கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டார் தங்கையா.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லோரி வரவில்லை, ஒரு கை தொடவில்லை, ராத்திரியும் பகலும் அது தன்பாட்டுக்கு விழித்திருந்திருக்கிறது. பெட்டியின் மேல் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.

"அப்பாடா!" என்றார் தங்கையா. நிஜமான சந்தோஷம். அவள் தலையைத் தொட்டார். "பட்ட பாடெல்லாம் போச்சும்மா. இனி ஒனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நாளைக்கு அவசரமில்ல, மெதுவா பத்து மணிக்கு வா."

பவானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, நாளைக்கு நான் சைபர்ஜெயாவுக்குல்ல போறேன்."

"அதாம்மா எல்லாம் சரியாயிடுச்சே! இனி எதுக்குப் போவணும்?"

நடிப்பு இல்லை. பெட்டி படுத்திய பாட்டில்தான் பிள்ளை ஓடப் பார்க்கிறாள் என்று மனிதர் நம்பிவிட்டார். இத்தனை நாளும் பெட்டிதான் தன்னைப் போகவிடாமல் என்று நினைத்தாள் பவானி; அதனால்தான் அதை உதைத்தாள். இதோ, அது விட்டுவிட்டது. பிடி அப்படியே இருக்கிறது. பெட்டியைச் சாக்காக வைத்துக்கொண்டு, இந்த முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதைத்தான் அவள் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். கிள்ளான் மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறாள்.

"மாமா, பெட்டி ஒழுங்கா ஓடுனாலும் நான் போவேன்" என்றாள். "பத்தொம்பது வருஷமா இந்த ரூமுல நான் பேசுனது ஒண்ணுகூட இங்க ஒருத்தருக்கும் வெளங்கல மாமா. நல்லது நடந்தாலும் நானே சொல்லி நானே சிரிச்சுக்குறேன். அங்க எட்டு பேரு இருக்காங்க. நான் ஒரு வார்த்த சொன்னா திரும்பிப் பாப்பாங்க. எனக்கு அது வேணும்."

தங்கையா திரைப் பக்கம் திரும்பினார்.

"வெளங்கலம்மா" என்றார். "ஆனா நீ சொல்றப்ப எல்லாம் கேட்டேனேம்மா. ஒண்ணும் வெளங்காமதான் பத்தொம்பது வருஷமும் கேட்டேன்."

பவானிக்கு அழுகை பொங்கிவிட்டது. அது உண்மை. லோரி வந்தால் பாக்கியலட்சுமி அக்கா திரும்பிக்கொள்வாள். தங்கையா மட்டும் தே ஓ ஆறிப்போகும்வரை, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைத்தானே அவளால் தாண்ட முடியவில்லை இவ்வளவு காலமும்.

"அந்த ஒரு வரி எழுதுனியே, அது என்னா? சொல்லு, கேப்போம்" என்றார்.

அவள் சொன்னாள். தூக்கம், ஆழம், கேட்காத மணி எல்லாம் சொன்னாள். அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். சொல்லி முடித்ததும் அவள் அறைச் சாவியை நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. உதிர்ந்த சந்தனத்துக்குப் பக்கத்தில், பெட்டியின் மேலேயே வைத்தாள்.

"அடுத்த வருஷம் இதுக்குப் பொட்டு யாரும்மா வைப்பா?"

"நீங்களே வைங்க மாமா. ஆனா அந்த வரிய யாரும் அழிக்காமப் பாத்துக்குங்க."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லோரிகள் காய்ந்த வாழைக்கன்றோடு நின்றன. காடியில் ஏறி உட்கார்ந்ததும் பவானியின் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போய்த் துழாவியது. ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடலாம், ஓடுகிறதா இல்லையா என்று. பை பூராவும் தேடினாள். போன் வீட்டில் அரிசிக்குள் கிடந்தது.